ஜியோஹேஷ் புள்ளியில ஆள் இருந்தா என்ன சொல்வீங்க? சைக்கிள் பயண அனுபவங்கள்

மலைக்கோட்டை சைக்கிள், திருச்சி:

போன சனிக்கிழமை நடந்தது. இன்னும் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு, அதான் எழுதுறேன். புதுசா வர்றவங்களுக்கு: ஜியோஹேஷ்னா ஒரு விளையாட்டு. தேதியையும் அமெரிக்கப் பங்குச்சந்தையோட டவ் ஜோன்ஸ் தொடக்க எண்ணையும் வச்சுக் கணக்குப் போட்டா, வரைபடத்துல ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புள்ளி வரும், அங்க நேர்ல போகணும்.

வெள்ளி ராத்திரி 8 மணிக்கு நியூயார்க்ல சந்தை திறந்து டவ் ஜோன்ஸ் எண் வந்ததும் பார்த்தேன். நம்ம 10, 78 கட்டத்துக்கு (அட்சரேகை 10, தீர்க்கரேகை 78-ல தொடங்குற கட்டம்) புள்ளி வையம்பட்டி தாண்டி, பாலவிடுதிப் பக்கம், கடவூர் மலை தெரியிற மேட்டுக்காட்டுல விழுந்திருந்துச்சு. போக வர 130 கிலோமீட்டர் தாண்டும். விடியக்காலை நாலரைக்கே கிளம்பிட்டேன். மணப்பாறை வரைக்கும் எதிர்க்காத்து, வையம்பட்டியில டீ, அப்புறம் கிராமத்து ரோடு. அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

கடைசி அரைக் கிலோமீட்டர் வண்டிப்பாதை. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, ஃபோனைப் பார்த்துக்கிட்டே போறேன். இன்னும் 12 மீட்டர்னு காட்டுது. புள்ளி கொள்ளு அறுத்த காட்டுக்குள்ள இருக்கு. பாதையிலயே நின்னுட்டேன். வேப்பமரத்தடியில இருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். எழுபதுக்கு மேல இருக்கும்.

"தம்பி, அளக்க வந்திருக்கீங்களா?"

"இல்லைங்கய்யா, சும்மா சைக்கிள்ல வந்தேன்."

"சும்மா வர்றவரு எதுக்குய்யா செல்லைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கிறீங்க?"

எப்படிச் சொல்றது? தேதியையும் பங்குச்சந்தை எண்ணையும் சேர்த்து எம்டி5-ங்கற கம்ப்யூட்டர் கணக்குல போட்டா ஓர் இடம் வரும்னு அவர்கிட்ட சொல்ல முடியாது. "கம்ப்யூட்டர்ல குலுக்கல் மாதிரிங்கய்யா. இன்னைக்குக் குலுக்கல்ல இந்த இடம் விழுந்துச்சு"ன்னு சொன்னேன்.

அவர் முகம் மாறிப்போச்சு. "குலுக்கல்ல என் காடு விழுந்துருச்சா?"

அதுக்கப்புறம் நான் பேசினது எதுவும் அவர் காதுல ஏறல. கொட்டகைக்குள்ள போய் ஒரு மஞ்சப்பையோட வந்தார். உள்ள பட்டா, சிட்டா, கூட்டுறவுக் கடன் ரசீது, எல்லாம் ஜெராக்ஸ், மடிப்புல கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டியிருக்கு. வரப்பு மூலையில பாதி புதைஞ்சு கிடந்த சர்வே கல்லுமேல வலது காலைத் தூக்கி வச்சு, "இது எங்க அப்பாரு காலத்துக் கல்லு"ன்னார். ரோடா, டவர் லைனா, சோலார் கம்பெனியான்னு மாத்தி மாத்திக் கேட்டார். கடைசியா ஒரு ஜெராக்ஸைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை என்கிட்ட நீட்டி, சட்டைப்பையில இருந்த பேனாவையும் எடுத்துக் குடுத்தார். "இங்க ஒண்ணும் வரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

நான் போடல. போடுறதுக்கு நான் யாரு? மோர் குடுத்தார், குடிச்சேன். என் ஃபோன் நம்பரை வாங்கி வச்சுக்கிட்டார். திரும்பி வர்ற 65 கிலோமீட்டரும் அந்தப் பேனாதான் ஞாபகம். உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? என்ன சொன்னீங்க?

கியர் பவானி, ஈரோடு:

நமக்கு ஆள் பிரச்சினை இல்லீங்க, ஆனை பிரச்சினை. 11, 77 கட்டத்துல வடக்கால சத்தியமங்கலம் காடு. 2013-லிருந்து புலிகள் காப்பகம். ஒரு தடவை புள்ளி பண்ணாரி தாண்டி உள்ள விழுந்துச்சு. சோதனைச்சாவடியிலயே வனக்காப்பாளர் நிறுத்தி, சைக்கிள் கேரியர்ல கையை வச்சுக்கிட்டு, "ரோட்டை விட்டு இறங்கினா நான்தான் உங்களைத் தேடி வரணும்"னார். திரும்பிட்டேன். அந்த மனுசன் சொன்ன தொனி மறக்கல, அவ்வளவுதான்.

ஆனா அண்ணா, உங்க பயணத்துல ஒண்ணு சொல்லோணும். மாசி வெயில்ல 130 கிலோமீட்டர்ங்கறது சாதாரணம் இல்லீங்க. நாலரைக்குக் கிளம்பினது சரி. ஆனா பத்தரைக்குள்ள புள்ளியைத் தொட்டுட்டு, பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்காவது நிழல்ல படுத்திருக்கோணும். தண்ணி ரெண்டு பாட்டில் பத்தாது. ஃபிரேம்ல ரெண்டு, முதுகுப்பையில ஒண்ணரை லிட்டர். வெறும் தண்ணியாக் குடிச்சா தொடை பிடிச்சுக்கும், ஓஆர்எஸ் பாக்கெட் நாலு வச்சுக்கோங்க. அப்புறம் முள்ளு. மேட்டுக்காட்டு வண்டிப்பாதையில வேலிக்காத்தான் முள்ளு டயரைத் தாண்டி டியூபுக்குள்ள போய் உடைஞ்சு நிக்கும். புது டியூப் போட்டாலும் உள்ள நிக்கிற முனை மறுபடியும் குத்தும். அதனால டியூப் மாத்துறதுக்கு முன்னாடி டயருக்கு உள்பக்கம் ஒரு துணியை விட்டுச் சுத்தி இழுத்துப் பாருங்க, முனை துணியில மாட்டும். கையை விட்டுத் தடவாதீங்க. உபரி டியூப் ரெண்டு, ஒட்டுப் பசை, டயர் லீவர், சின்னப் பம்ப். டயர்ல காத்தைக் கல்லு மாதிரி அடிக்காதீங்க, மண்பாதையில கொஞ்சம் குறைச்சிருந்தாத்தான் பிடிப்பு. திரும்பி வர்றப்போ இருட்டுச்சுன்னா பின்லைட் இல்லாம தேசிய நெடுஞ்சாலையில ஏறவே கூடாது.

கண்மாய்க்கரை, மதுரை:

பவானி அண்ணா, அவங்க கேட்டது டியூப் பத்தி இல்லையே.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். 9, 78 கட்டம், சிவகங்கை தாண்டி ஒரு வத்தின கண்மாய்க்குள்ள புள்ளி. நான் போய்ச் சேர்ந்தப்போ நூறு நாள் வேலைக்கு வந்தவங்க கரை மரத்தடியில சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாங்க. இருபது பேருக்கு மேல, எல்லாம் பொம்பளைங்க. "தனியாவா வந்த? வீட்டுல விட்டாகளா?"ங்கறதுல ஆரம்பிச்சு, என்னைச் சாப்பிட வச்சு, விவரம் கேட்டு முடிச்சதும் பாதிப் பேர் கிளம்பி என்கூட கண்மாய்க்குள்ள இறங்கிட்டாங்க. நான் மீட்டரை வாசிக்க வாசிக்க அவங்க கோரஸாச் சொல்றாங்க. ஒன்பது, ஏழு, நாலு. ஃபோன் ஜிபிஎஸ் சும்மா இருக்குமா, திரும்ப ஆறுன்னுச்சு. "எதுத்தாப்ல போ புள்ளே!"ன்னு ஒரு சத்தம். ரெண்டு மீட்டர்னு காட்டினதும் ஒரு ஆத்தா கையில இருந்த மண்வெட்டியால வெடிச்ச மண்ணுல ஒரு வெட்டுப் போட்டு அடையாளம் வச்சாங்க.

அதுவரைக்கும் சந்தோஷந்தான். கிளம்புறப்போ என் வயசுல ஒருத்தி, இடுப்புல பிள்ளையோட, "எங்க வீட்டுப் பக்கம் இது விழுகவே விழுகாதா?"ன்னு கேட்டா. எங்க ஊருக்கு யாரும் வர்றதில்ல, விழுந்தா நீ வருவீல்லன்னு. ஒரு கட்டம் ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். அவ ஊரு மேல விழ எத்தனை வருஷம் ஆகுமோ. "விழும், விழுந்தா வர்றேன்"னேன். அன்னையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி புள்ளி வந்ததும் முதல்ல அவ ஊரு எவ்வளவு தூரம்னுதான் பார்க்கிறேன்.

350 சிசி, சேலம்:

நான் மோட்டார் பைக் ஆள், ஆனாலும் சொல்றேன். மலைக்கோட்டை அண்ணே, தனியார் பட்டா நிலத்துப் பக்கம் அளவுக்காரர் மாதிரி நடந்தா யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்வாங்க. என் வழக்கம் தார் ரோட்டுக்கு மேல ஒரு அடி கிடையாது. ரோட்டுல இருந்து புள்ளி கண்ணுக்குத் தெரிஞ்சா போதும், ஃபோட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவேன். வெள்ளிக்கிழமை எண்ணை வச்சே சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளுக்கும் நமக்குப் புள்ளி வந்துடுதில்ல? ரோட்டோரமா விழுற நாளைத் தேர்ந்தெடுத்துப் போகலாமே.

மலைக்கோட்டை சைக்கிள், திருச்சி:

தம்பி, நான் அவர் காட்டுக்குள்ள கால் வைக்கல. பாதையில நின்னேன், அவராத்தான் வந்தார். அதுவும் இல்லாம, வசதியான நாளைத் தேர்ந்தெடுத்துப் போறதுன்னா எதுக்கு ஜியோஹேஷ்? எங்க விழுதோ அங்க போகணும். ரோட்டுல இருந்து ஃபோட்டோ எடுத்தா அந்தப் பெரியவரை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

350 சிசி, சேலம்:

பார்க்காம இருந்திருந்தா அவர் நிம்மதியா இருந்திருப்பார் அண்ணே. அதைத்தான் சொல்றேன்.

எழுதுமட்டுவாள், யாழ்ப்பாணம்:

அந்தத் தம்பி சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. எங்கடை கட்டம் 9, 80. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இதுக்குள்ளைதான். சில வருசத்துக்கு முந்தி ஒருநாள் புள்ளி முகமாலைக்குக் கிழக்காலை விழுந்தது. சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில் எண்டு ஏ9 றோட்டாலை சோளகக் (தென்மேல்) காத்துக்குள்ளை மிதிச்சுப் போனனான். உள்ளுக்குப் போற மண் றோட்டிலை சிவப்பு மண்டையோட்டுப் பலகை: மிதிவெடி. சைக்கிளை அதிலையே நிப்பாட்டினன்.

பக்கத்திலை மிதிவெடி அகற்றுற ஆக்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தவை. ஒரு பிள்ளை, இருபத்தைஞ்சு வயதிருக்கும், முகக்கண்ணாடியைத் தலைக்கு மேலை தூக்கி விட்டுக்கொண்டு, "என்ன அண்ணை பாக்கிறியள்?" எண்டு கேட்டா. ஃபோனைக் காட்டினன். வடிவாப் பாத்திட்டு, "இது நாங்கள் இன்னும் போகாத பக்கம். ஒரு நாளைக்குச் சில மீற்றர்தான் போகலாம்" எண்டு சொல்லிப்போட்டு, அதே படத்திலை விரலை மெல்ல நகர்த்தி, புள்ளிக்குக் கிட்ட ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினா. "எங்கடை காணி இதிலை. அம்மா இன்னும் பாக்கேல்லை."

2009இலை சண்டை முடிஞ்சது. நான் விளையாட்டுக்கு எண்டு போன புள்ளி, அவவுக்கு வீட்டுக்குப் போற தூரம். எனக்கு வாயிலை ஒண்டும் வரேல்லை. இப்பவும் அந்தப் பக்கம் மிதிச்சா அந்தப் பலகை நிண்ட இடத்திலை இறங்கிப் பாத்திட்டுத்தான் போவன்.

பழவேற்காடு ஏரி, சென்னை:

படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல.

எங்க 13, 80 கட்டத்துல பெரும்பங்கு வங்கக் கடல். மிச்சத்துல பழவேற்காடு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவும். ஒரு தடவை புள்ளி ஏரிக்குள்ள விழ, கரை வரைக்கும் சைக்கிள்ல போய் நின்னேன். வலை பின்னிட்டிருந்த ஒரு மீனவர் புள்ளியோட எண்களை வாங்கிப் பார்த்துட்டு, அவர்கிட்ட இருந்த சின்ன ஜிபிஎஸ் கருவியில போட்டு, "நேத்து இங்கதான் இறால் பிடிச்சோம்"னார். அவருக்கு எதையுமே விளக்க வேண்டியிருக்கல.

நில அளவை, ஓய்வு:

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருச்சி நண்பர் கேட்டதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெரியவரின் பயம் நேற்று வந்ததல்ல. 1802-இல் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் நில அளவைக்கான அடிக்கோடு அளந்து ஆரம்பித்த நாளிலிருந்து கருவியோடு வருகிறவனைப் பார்த்தால் ஊர் கலங்கத்தான் செய்கிறது. 1808-இல் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றப் போய், அது சுவரில் மோதிச் சேதமானது. நாங்கள் செயினை இழுத்துக்கொண்டு போன காலத்திலும் முதல் கேள்வி இதுதான்: யாருக்காக அளக்கிறீர்கள்? 66 அடிச் செயின் எங்கள் கையில் இருந்ததால் தூரத்திலிருந்தே ஆளைத் தெரியும். இப்போது ஃபோன் வைத்திருக்கிற எவரும் அளவுக்காரராக இருக்கலாம். அதனால் அவர் கேட்டதில் தவறே இல்லை.

சேலம் தம்பிக்கு ஒரு வார்த்தை. தார் ரோட்டிலேயே நின்று ஃபோட்டோ எடுத்துவிட்டுப் போகிறவரைப் பார்த்தால் ஊர் இன்னும் அதிகமாகப் பேசும். கிட்டே போய், பேர் சொல்லி, ஊர் சொல்லிப் பேசுவதுதான் மரியாதை. 'குலுக்கல்' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

மலைக்கோட்டை சைக்கிள், திருச்சி:

ஐயா, நேத்து ராத்திரி அவர் மகன் ஃபோன் பண்ணினார், கோயம்புத்தூர்ல வேலை. "அப்பா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல, ஒரு வரி எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க சார்"ங்கிறார். எழுதிடவா?

நில அளவை, ஓய்வு:

எழுதாதீர்கள். நாளைக்கு உண்மையிலேயே ஏதாவது வந்தால், உங்கள் வரியை நம்பி அவர் ஆட்சேபணை தெரிவிக்காமல் இருந்துவிடுவார். மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். நிலம் எடுப்பதாக இருந்தால் 2013 நில எடுப்புச் சட்டப்படி முதல்நிலை அறிவிக்கை அரசிதழிலும் இரண்டு நாளிதழிலும் வரவேண்டும், அதில் ஒன்று தமிழ் நாளிதழ். ஊராட்சியிலும் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, தன் சர்வே எண்ணுக்கு அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கட்டும். பட்டா விவரத்தை இணையத்திலேயே மகன் பார்த்து அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம். கூடவே இன்னொன்று: பாதி புதைந்த அந்தக் கல்லைச் சுற்றி மண்ணை வெட்டி வெளியே தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். கல்லைப் பாதுகாப்பது நிலத்துக்காரர் பொறுப்பு. அது தெளிவாக நின்றால் வரப்புத் தகராறுக்கும் உதவும்.

கண்மாய்க்கரை, மதுரை:

அண்ணா, ஃபோன்ல சொல்றதை விட நேர்ல போயிடுங்க. மகன் ஊருக்கு வர்ற ஞாயித்துக்கிழமையாப் பார்த்துச் சொல்லுங்க, மதுரையில இருந்து நானும் சைக்கிள்ல வர்றேன். நத்தம், துவரங்குறிச்சி வழியா வந்து மணப்பாறையில சேர்ந்துக்கலாம்.

மலைக்கோட்டை சைக்கிள், திருச்சி:

வாங்கம்மா. மகன்கிட்ட கேட்டுட்டேன், அடுத்த ஞாயிறு அங்கதான் இருக்காராம். காலைல ஏழு மணி, மணப்பாறை பஸ் ஸ்டாண்ட்.

கியர் பவானி, ஈரோடு:

நானும் வர்றேனுங்க, கரூர் வரைக்கும் ரயில்ல வந்துடறேன். டியூப் நான் கொண்டாரேன்.