கன்சோலில் சிக்கும் பட்டன், டெஸ்ட் ஓடும்போது காணாமல் போகிறது

பிடிஎம் பேச்சிலர்:
பெல்லந்தூரில் ஒரு சின்ன கம்பெனி. ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு ஆர்டர் எடுக்கும் ஆப் எங்களுடையது. மேனுவல் டெஸ்டிங்கில் நிம்மதியாக இருந்த என்னை ஆறு மாதம் முன்பு பிளேரைட்டில் (பிரௌசரைத் தானாக இயக்கி டெஸ்ட் செய்யும் கருவி) தள்ளிவிட்டார்கள். கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெனு பக்கத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு கார்டு. முதல் கார்டு பிசிபேளே பாத். அதில் இருக்கும் பட்டனை அழுத்த நான் எழுதிய செலக்டர் (பக்கத்தில் ஒரு பகுதியைத் தேடிப் பிடிக்கும் முகவரி): மெனு டிவ்வுக்குள் (மெனு முழுவதையும் அடக்கிய பெட்டி) டாட் கார்டு, என்த்-சைல்டு 3, அதற்குள் பட்டன். தலைப்பு ஒன்று, ஃபில்டர் பட்டை ஒன்று, அதற்கு அடுத்துதான் கார்டுகள் என்பதால் 3. கர்நாடக ராஜ்யோத்சவ (மாநிலம் உருவான நாள்) லீவு முடிந்து வந்த நாளிலிருந்து இந்த டெஸ்ட் 30 விநாடி காத்திருந்து டைம்அவுட் ஆகிறது. என் குரோமில் அதே பக்கத்தைத் திறந்து கன்சோலில் (பிரௌசரிலேயே கட்டளை கொடுத்துப் பார்க்கும் இடம்) இரண்டு டாலர் குறி போட்டு அதே செலக்டரைக் கொடுத்தால் சமர்த்தாக ஒன்று கிடைக்கிறது. டெஸ்ட்கள் தானாக ஓடும் சர்வரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். என் லேப்டாப்பில் ஹெட்லெஸ்ஸாக (பிரௌசர் விண்டோ திரையில் தெரியாமல்) ஓட்டினாலும் அதே கதை. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

சில்க்போர்டு சிக்னல்:
கிளிக்குக்கு முன்னால் 5 விநாடி வெயிட் போடுங்க. எங்க டீமில் எல்லாரும் அதுதான் செய்வோம்.

மடிவாளா மாமா:
30 விநாடி காத்தும் வராத பட்டன் 5 விநாடியில் வருமாக்கும்! பிளேரைட் தானாகவே காத்திருக்கும். அதற்கு மேல் வெயிட் போடுவது, பஸ் போன ஸ்டாப்பில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பது மாதிரி.

தம்பி, நீங்கள் பார்ப்பதும் டெஸ்ட் பார்ப்பதும் ஒரே பக்கம் இல்லை. ஒவ்வொரு டெஸ்டுக்கும் பிளேரைட் புத்தம் புது கான்டெக்ஸ்ட் (பழைய ஞாபகம் எதுவும் இல்லாத பிரௌசர் சூழல்) திறக்கும். குக்கி இருக்காது, லோக்கல் ஸ்டோரேஜ் காலியாக இருக்கும். உங்கள் குரோமுக்கு உங்களைத் தெரியும், டெஸ்ட் திறக்கும் பிரௌசருக்குத் தெரியாது. லீவில் யாராவது பக்கத்தில் புதிதாக ஏதாவது வைத்தார்களா?

ஊகிக்காமல் பார்த்துவிடுங்கள். பிடபிள்யூ-டீபக் (PWDEBUG) என்ற சூழல் மாறியை 1 ஆக வைத்து டெஸ்டை ஓட்டுங்கள். பிரௌசர் கண்ணெதிரே திறக்கும், கூடவே இன்ஸ்பெக்டர் விண்டோவும் வரும். அந்த மோடில் டைம்அவுட் கிடையாது, அவசரமே வேண்டாம். கிளிக்குக்கு முந்தின ஸ்டெப்பில் நிறுத்தி, லொக்கேட்டர் பெட்டியில் செலக்டரைத் துண்டு துண்டாகப் போடுங்கள். முதலில் டாட் கார்டு மட்டும். எல்லாக் கார்டும் ஹைலைட் ஆனால், அப்புறம் என்த்-சைல்டைச் சேருங்கள். எந்தத் துண்டைச் சேர்த்ததும் வெளிச்சம் அணைகிறதோ அங்கேதான் கோளாறு. சர்வரில் மட்டும் விழும் டெஸ்டாக இருந்திருந்தால் டிரேஸ் வியூவர் (ஓடி முடிந்த டெஸ்டின் பதிவை ஸ்டெப் ஸ்டெப்பாகக் காட்டும் கருவி) என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது தேவையில்லை.

கமா போட்டவள்:
மாமா சொன்னதோடு ஒன்று. என்த்-சைல்டு 3 என்றால் 'மூன்றாவது கார்டு' என்றோ 'தலைப்புக்கு அடுத்த கார்டு' என்றோ அர்த்தம் இல்லை. 'மூன்றாவது பிள்ளையாகவும் (டிவ்வுக்குள் நேரடியாக இருக்கும் பகுதி) இருக்க வேண்டும், கார்டாகவும் இருக்க வேண்டும்' என்றுதான் அர்த்தம். எண்ணும்போது எல்லாப் பிள்ளைகளையும் எண்ணும், கார்டா இல்லையா என்று பார்க்காது. கார்டுகளை மட்டும் எண்ண வேண்டும் என்றால் 'என்த்-சைல்டு 1 ஆஃப் டாட் கார்டு' என்று எழுதலாம். குரோமில் 2023இல்தான் வந்தது. ஆனால் டெஸ்டில் வரிசை எண்ணையே நம்பாதீர்கள். டெவலப்பரிடம் கெஞ்சியாவது ஒரு டெஸ்ட்-ஐடி (டெஸ்டுக்கென்றே பட்டனில் வைக்கும் அடையாளப் பெயர்) வாங்குங்கள்.

பிடிஎம் பேச்சிலர்:
மாமா, காலில் விழுகிறேன். டீபக் மோடில் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மஞ்சளும் சிவப்புமாக ஒரு ராஜ்யோத்சவ ஆஃபர் பேனர். மெனு டிவ்வுக்குள்ளேயே, தலைப்புக்கும் மேலே வைத்திருக்கிறார்கள். அதனால் ஃபில்டர் பட்டை மூன்றாவது பிள்ளையாகிவிட்டது, பிசிபேளே பாத் நான்காவது. என் குரோமில் அந்த பேனரை முதல் நாளே மூடிவிட்டேன். மூடியதை லோக்கல் ஸ்டோரேஜ் ஞாபகம் வைத்துக்கொண்டு எனக்குத் திரும்பக் காட்டவே இல்லை. கண்ணை உறுத்துகிறது என்று எப்போதும் ஹெட்லெஸ்ஸாகவே ஓட்டியது என் தப்பு.

டெவலப்பரிடம் டெஸ்ட்-ஐடி கேட்டேன். 'இந்த ஸ்பிரிண்ட் (இப்போதைய வேலைச் சுற்று) முடியட்டும்' என்கிறான். அதுவரை கார்டைச் சாப்பாட்டுப் பெயரை வைத்துத் தேடுகிறேன், ஓடுகிறது.

இதை மாற்றும்போது இன்னொரு கூத்தும் தெரிந்தது. இரண்டாவது கார்டு தயிர் சாதம், அதற்கும் ஒரு டெஸ்ட், என்த்-சைல்டு 4. அது ஒரு நாளும் விழவில்லை, பச்சையாகவே இருந்தது. கூடையில் 1 என்று வந்தால் போதும் என்று மட்டும்தான் அதில் சரிபார்த்திருந்தேன். பேனர் வந்த நாளிலிருந்து அது தயிர் சாதம் என்ற பெயரில் தினமும் பிசிபேளே பாத்தை ஆர்டர் செய்துகொண்டிருக்கிறது.