புதுப்பிப்பு: தோட்ட ரயில் வளைவில் நின்றுபோன விஷயம்

தோட்டத்தில் ஓடவிடும் என் மாதிரி ரயிலுக்குத் தண்டவாளம் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. அந்த 45 மி.மீ. அகலப் பித்தளைத் தண்டவாளத்தை எவ்வளவு துடைத்தாலும் வளைவு தாண்டியதும் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

அழுக்கு பாதிக் காரணம்தான். இன்ஜினை ஓடவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் கொடுக்கும் இடத்தில் 18 வோல்ட், வளைவுக்கு அப்பால் வெறும் 11. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு, கூடவே எறும்பு சேர்த்துவைத்த ஈரமண். மேலே தண்டவாளம் தங்கமாய் மின்னிக்கொண்டிருந்தது!

ஒவ்வொரு இணைப்பையும் சுரண்டி, மின்கடத்தும் கிரீஸ் தடவி, திருகு வைத்த பித்தளைக் கிளாம்ப் போட்டு முடுக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது எந்த இடத்திலும் 17-க்குக் கீழே இறங்குவதில்லை.

உப்புத்தாள் போடச் சொன்ன நண்பருக்கு: தயவுசெய்து வேண்டாம், அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு ஒட்டும். கம்பி நாரும் கூடாது. உதிரும் துகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை லேசாக ஓட்டி, இலைப் பிசினுக்கு மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இன்ஜின் சக்கரங்களையும் அப்படியே துடைத்துவிடுங்கள்.

தடம் மாற்றும் இடத்தில் சரளைக்கல் சிக்குவதற்கு இன்னும் வழி தெரியவில்லை. தினமும் பழைய பல் துலக்கும் பிரஷ்தான்.