தங்கைக்கு ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் ஜிவிஹெச்டி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ரத்தப் புற்றுநோய் வந்த என் தங்கைக்கு 8 மாதம் முன்பு நான்தான் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) கொடுத்தேன். புற்றுநோய் அடங்கிவிட்டது. ஆனால் என் செல்களே அவள் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன. இதைத்தான் ஜிவிஹெச்டி (GVHD) என்கிறார்கள். வாயெல்லாம் புண், கண் வறண்டு எரிகிறது, தோல் இறுகிக்கொண்டே வருகிறது. நான் கொடுத்ததுதானே இப்படி வாட்டுகிறது என்று நினைத்தால் தூக்கமே வருவதில்லை.

ஸ்டீராய்டு போதவில்லை. அடுத்து ரக்ஸோலிட்டினிப் மாத்திரை என்கிறார் டாக்டர். நாள்பட்ட ஜிவிஹெச்டிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ரத்த அணுக்கள் குறையலாம், தொற்று வரலாம் என்றும் எச்சரித்தார்.

இதை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிந்தது? தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்தபோது அளவைக் குறைத்தார்களா, நிறுத்தினார்களா? அப்புறம், வாய்ப்புண்ணோடு எப்படிச் சாப்பிட வைத்தீர்கள்? டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டோம்.