புதுப்பிப்பு: லூப்பா, ஆணுறையா? ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஹோர்மோன் இல்லாத கருத்தடை எது நல்லது என்று கேட்டிருந்தேன். கண்ணில் மின்னல் வெட்டிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி எனக்கு இருப்பதால், பக்கவாத ஆபத்தை நினைத்து ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் உள்ள கருத்தடை மாத்திரை வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

உப்புவெளிக் கிளினிக்கில் குடும்பநல மாது கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பைக் கையில் தந்து காட்டினா. தீக்குச்சி நீளம்கூட இல்லை. அடியில் மெல்லிய நூல். 10 வருடம் வேலை செய்யும், இடையில் எடுக்கவும் முடியும். முதல் வருடத்தில் கரு தங்குவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆணுறையில் சாதாரண பாவனையில் 13 பேர் அளவில்.

லூப் நெஞ்சுக்கு ஏறும் என்று எழுதிய அக்காவுக்கு: ஏறாது. அரிதாக, 1000 பேரில் ஒருவர் அளவில், கருப்பையைத் துளைக்கலாம். சிலருக்குத் தானாகவே கழன்று வரும். "லூப்போட நாள் தள்ளினா உடன வாங்கோ, கரு கருப்பைக்கு வெளிய குழாயில தங்கியிருக்கலாம்" என்று குடும்பநல மாது சொன்னா. இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

எனக்குத் தடையாக நின்றது இரத்தச்சோகைதான். லூப் போட்டால், முக்கியமாக முதல் மாதங்களில், இரத்தப்போக்கும் வலியும் கூடலாம். அதனால் இப்போது இரும்பு மாத்திரையும் ஆணுறையும். ஹீமோகுளோபின் ஏறினால் அப்புறம் லூப். கணவருக்கும் சரி.