டெஸ்க்டொப்பை விற்றுவிட்டு லாப்டொப் வாங்கலாமா?

வெள்ளவத்தை வாசி:
வீட்டிலிருந்துதான் வேலை. இருப்பது அனெக்ஸ், கரண்டுக்கு வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து பிரித்த சப் மீட்டர். அவர் மாதக் கடைசியில் கரண்ட் பில் துண்டை நீட்டும்போது வயிறு கலங்குகிறது. இந்த முறை 180 யூனிட் தாண்டிவிட்டது. பழைய டெஸ்க்டொப்பில்தான் சந்தேகம். பகல் முழுக்க வேலை, இரவிலும் நிறுத்துவதில்லை, ஸ்க்ரீன்சேவரில் மீன் நீந்தும். விற்றுவிடவா?

மீட்டர் மணி:
யோசிக்காமல் விற்றுவிடுங்கள். மொனிட்டரோடு சேர்த்து 100 வாட் என்று வையுங்கள். பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட், மாதம் 30. லாப்டொப் 30 வாட் என்றால் அதே வேலைக்கு 9 யூனிட்தான். 180க்கு மேலே போகும் யூனிட்டுக்குத்தான் ஆகக்கூடிய விலை, தெரியும்தானே?

கழுத்துவலிக்காரி:
மணி அண்ணா, கழுத்துவலி மீட்டரில் ஓடாது. லாப்டொப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கின்றன. திரையை உயர்த்தினால் தோள் தூக்கும், கையை இறக்கினால் தலை குனியும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முழங்கை விலாவோடு சேர்ந்து மேசை உயரத்தில் நிற்க வேண்டும். டெஸ்க்டொப்பில் இதற்குத் தனியாகச் செலவே இல்லை.

மீட்டர் மணி:
தங்கச்சி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கி, லாப்டொப்பைத் தடித்த புத்தகங்களுக்கு மேலே ஏற்றினால் முடிந்தது கதை.

கழுத்துவலிக்காரி:
14 அங்குலத் திரையைக் கை தூரத்தில் வைத்து எக்செல் பார்த்திருக்கிறீர்களா? எண்கள் எறும்பு போலத் தெரியும், முகம் தானாக முன்னே போகும். எழுத்தைப் பெருப்பித்தால் பாதி நிரல் ஒளிந்துவிடும். கடைசியில் மொனிட்டரும் வேண்டும். அதற்கு 20 வாட் போடுங்கள், உங்கள் 9 யூனிட் 15 ஆகிவிட்டது.

மீட்டர் மணி:
15 என்றாலும் பாதிதானே. பெட்டரியை மறந்துவிட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 ஞாபகம் இருக்கிறதா? பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார், நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. லாப்டொப்காரன் வேலையைத் தொடர்ந்தான்.

கழுத்துவலிக்காரி:
அது ஞாயிற்றுக்கிழமை அண்ணா.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
ரெண்டு பேரும் பகலைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள், இரவு எங்கே போனது? சும்மா கிடந்தாலும் அந்தப் பெட்டி 50 வாட் வரை இழுக்கும். மீதி 14 மணி நேரத்துக்கு 0.7 யூனிட், மாதம் 21. மீன் நீந்தினால் அதற்கும் மேலே, ஏனென்றால் எல்சிடி திரையில் பின்விளக்கு அணையாது. ஸ்க்ரீன்சேவர் பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டர்களில் படம் பதிந்துவிடாமல் இருக்க வந்தது, கரண்ட் மிச்சம் பிடிக்க அல்ல. இப்போதே எடுத்துவிடுங்கள்.

பத்து நிமிடத்தில் திரை அணைய வேண்டும், அரை மணியில் ஸ்லீப் போக வேண்டும். ஸ்லீப்பில் சில வாட்தான். ஆனால் கரண்ட் போனால் சேமிக்காத வேலையும் போய்விடும், அதனால் இரவுக்கு ஹைபர்னேட். எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும், காலையில் விட்ட இடத்தில் திறக்கும்.

அப்புறம் அண்ணா, அறையில் ஏசி இருக்கிறதா?

வெள்ளவத்தை வாசி:
இருக்கிறது, 12,000 பிடியூ. மேற்குப் பக்க ஜன்னல், பின்னேரம் வெயில் நேரே திரையில் விழும். திரைச்சீலையை மூடி, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஏசியைப் போட்டுத்தான் வேலை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
பிடிபட்டது! கம்ப்ரசர் ஓடும் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். கம்ப்யூட்டர் பகல் முழுக்கத் தின்பதை அது ஒரு மணியில் தின்கிறது. சீலிங் ஃபேன் 70 வாட் அளவுதான்.

கழுத்துவலிக்காரி:
மேசையைத் திருப்புங்கள். ஜன்னல் முன்னாலும் வேண்டாம், முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் வரட்டும். கண்கூச்சம் குறைந்தால் திரை வெளிச்சத்தைப் பாதியாக்கலாம், கண்ணுக்கும் நல்லது, வாட்டும் குறையும்.

மீட்டர் மணி:
ஏசி விஷயம் சரி. ஆனால் மாதம் 15 யூனிட் வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை.

கழுத்துவலிக்காரி:
அந்த 15 யூனிட்டை வைத்து லாப்டொப் காசை எடுக்க எத்தனை வருடம் என்று கணக்குப் போடுங்கள் அண்ணா.

வெள்ளவத்தை வாசி:
மீன் போய்விட்டது, ஹைபர்னேட் போட்டாயிற்று. மேசை நாளைக்குத் திரும்பும். விற்பதை அடுத்த துண்டு வந்தபிறகு பார்ப்போம்.

மீட்டர் மணி:
பாருங்கள். விற்றாலும் மொனிட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்.