புடாபெஸ்ட்: மாணவர் செலவுக்குள் எவற்றைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்?

கேள்வி:
வியன்னாவில் முதுகலை பயிலும் நான், வார இறுதியில் புடாபெஸ்ட் செல்ல எண்ணியுள்ளேன். நுழைவுச்சீட்டுகளுக்கு அதிகம் செலவிடாமல் எவற்றைப் பார்க்கலாம், சைவ உணவு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையான பெஸ்ட் பகுதியை ஒட்டி ஓடும் 2ஆம் எண் டிராமில் ஏறினால், சாதாரணப் பயணச்சீட்டிலேயே நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், எதிர்க்கரை அரண்மனை ஆகிய மூன்றையும் கண்டுவிடலாம் என்பதால், படகுச் சவாரிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. காகிதச் சீட்டானால் ஏறியவுடன் முத்திரையிட்டுவிடுங்கள்; பரிசோதகர்கள் கறாரானவர்கள். எதிர்க்கரைக் குன்றின் மேல் உள்ள காட்சிமேடையான மீனவர் கொத்தளத்தின் மேல்தளத்துக்கு மட்டுமே கட்டணம் உண்டு. கீழ்த்தளத்திலிருந்தும் ஆறு நன்றாகவே தெரியும்.

மறுமொழி 2:
1897இல் திறக்கப்பட்ட பெரிய சந்தைக் கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆனால் மாடிக் கடைகளில் விலை அதிகம். பொரித்த மாவின் மேல் பூண்டு தடவி, புளித்த பாலேடும் துருவிய சீஸும் பரப்பித் தரும் லாங்கோஷை, உள்ளூர்வாசிகள் செல்லும் சிறிய சந்தைகளில் வாங்குவதே சிக்கனம். நம் கூட்டைப் போன்ற ஃபொசெலேக்கும் வயிற்றை நிரப்பும். பீன்ஸ் சூப்பில் பெரும்பாலும் புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்ப்பார்கள் என்பதால், கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மறுமொழி 3:
அட்டை இயந்திரம் யூரோவா, ஹங்கேரி நாணயமான ஃபோரின்டா என்று கேட்டால் ஃபோரின்டையே தேர்ந்தெடுங்கள். யூரோவுக்கு அவர்கள் போடும் மாற்று விகிதம் பொதுவாக நமக்குப் பாதகமானது.