‘படிக்கத் தூண்டிய’ என்று எழுதினால் தப்பா?

விளவங்கோட்டான்:
ஓய்வுபெறுகிற எங்க சாருக்குப் பழைய மாணவர்கள் ஒரு நினைவுப் பலகை வைக்கிறோம். “எங்களைப் படிக்கத் தூண்டிய ஆசானுக்கு” என்று எழுதிக் கொடுத்தேன். மார்த்தாண்டத்துக் கூட்டாளி ஒருத்தன், “எஃப்.ஐ.ஆர். மாதிரியாக்கும் இருக்கு”ன்னு சிரிக்கான். மாத்தணுமா?

தக்கலை வக்கீல்:
அவர் சிரிச்சதுல நியாயம் உண்டு. கோர்ட்டுல இந்தச் சொல்லை நல்லதுக்கு நான் கேட்டதே இல்லை. தற்கொலைக்குத் தூண்டுதல் பழைய தண்டனைச் சட்டத்தில் 306, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 108. 10 வருஷம் வரை உள்ளே போகலாம். பேப்பரிலும் கலவரத்தைத் தூண்டினார், வெறியைத் தூண்டினார், அவ்வளவுதான். “ஊக்குவித்த”ன்னு போடுங்க.

குழித்துறை டீச்சர்:
வக்கீல் சாருக்குக் கேஸ் கட்டுதான் உலகம். விளக்குத் திரி கருகி மங்கினா என்ன செய்வோம்? தூண்டி விடுவோம். அந்தக் குச்சிதான் தூண்டுகோல். அப்பர் திருமறைக்காட்டுல சிவனை “தூண்டு சுடரனைய சோதி” என்கிறார். அவர் மேலயும் 108 போடுவீங்களா?

தக்கலை வக்கீல்:
டீச்சர், அது 7ஆம் நூற்றாண்டு. பழந்தமிழ்ல நாற்றம்னா நறுமணமும்தான். இன்னைக்கு மாமியார்கிட்ட “உங்க பூ நாறுது”ன்னு சொல்லிப் பாருங்க.

பாறசாலைத் தமிழன்:
இடையில ஒண்ணு. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துல, மலையாளப் பேப்பர்ல தற்கொலைக்குத் தூண்டுறதை “ஆத்மஹத்யா பிரேரணை”ன்னு போடுவான். சண்டைக்கு ஏத்தி விடுறதுக்குத் தனியா “எரிகேற்றுக”ன்னு ஒண்ணு உண்டு. தூண்டில் இங்க சூண்டை, சூண்டுகன்னா சுட்டிக்காட்டுறது. அதுவும் தூண்டும் ஒரே வேரா?

குழித்துறை டீச்சர்:
ஓசை ஒத்துப்போச்சுன்னு உறவு கொண்டாட வேண்டாம், தம்பி.

வக்கீல் சாருக்கு: நாற்றம் முழுசா அந்தப் பக்கம் சாஞ்சாச்சு, தூண்டு சாயலை. பசியைத் தூண்டுது, ஆர்வத்தைத் தூண்டுதுன்னு இன்னைக்கும் எல்லாரும் சொல்றோம். எதைத் தூண்டுறோங்கிறதுலதான் நல்லதும் கெட்டதும். ஏவுறதுன்னா வேற. அம்புக்குச் சொந்த மனசு கிடையாது, அதான் எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவோம். உசுப்பேத்துறது நாயை சூ காட்டி விடுற ஜாதி. தூண்டுறதுக்கு மட்டும் விளக்குல எண்ணெயும் நெருப்பும் முன்னமே இருக்கணும். அணைஞ்ச திரியை யாராவது தூண்டுவாங்களா? பிள்ளைகிட்ட இருக்கிறதைத்தானே வாத்தியார் மேலே தள்ளி விடுறார்? “ஊக்குவித்த”ல இந்த விளக்கு எங்க இருக்கு?

தக்கலை வக்கீல்:
சரி, “படிக்கத் தூண்டிய”வை விட்டுடறேன். ஆனா “அவரது தூண்டுதலின் பேரில் படித்தோம்”னு மட்டும் எழுதிடாதீங்க. அது குற்றப்பத்திரிகையேதான், டீச்சரே வந்து வாதாடினாலும் ஜாமீன் கிடையாது.

குழித்துறை டீச்சர்:
அதுல எனக்கும் வழக்கு இல்லை. “தூண்டுகோலாய் நின்ற”ன்னா இன்னும் அழகு.

விளவங்கோட்டான்:
பலகைக்காரர் எழுத்துக் கணக்குல காசு வாங்குறார், டீச்சர். சார்கிட்டயே கேட்டுட்டேன். “லேய், என்ன வேணும்னாலும் எழுது, படிக்கத்-துல அந்த ‘த்’தை மட்டும் விட்டுராத”ன்னார்.